பிள்ளையின் போனில் பெற்றோர் கட்டுப்பாடு: கழற்றிவிடலாமா, தளர்த்தினால் போதுமா?

பெற்றோர் கட்டுப்பாட்டை எப்படிக் கழற்றுவது என்று கேட்கும் தாய் தகப்பன்மார் திருகோணமலையில் இப்போது கூடிவிட்டார்கள். காரணம் தெரிந்ததுதான். 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டு, வகுப்பெல்லாம் வட்ஸ்அப்புக்கும் சூமுக்கும் போனபோது சின்னப் பிள்ளைகளின் கையிலும் போனோ டெப்போ கொடுக்க வேண்டி வந்தது. கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் கூகுளின் பெற்றோர் கட்டுப்பாட்டுச் செயலியான ஃபமிலி லிங்கைப் போட்டுக் கொடுத்தார்கள். ஐபோன், ஐபேட் வைத்திருந்தவர்கள் அவற்றிலேயே உள்ள ஸ்கிரீன் டைம் என்ற கட்டுப்பாட்டுக்கு நாலு இலக்கப் பூட்டு வைத்தார்கள். அன்று தரம் இரண்டிலும் மூன்றிலும் இருந்த பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். பூட்டு இன்னும் ஏழு வயதுப் பிள்ளைக்குப் போட்டதாகவே இருக்கிறது.

உவர்மலையில் ஒரு வீட்டில் மாலை ரியூஷன் சூமில் நடந்துகொண்டிருக்கும்போதே நேர வரம்பு முடிந்து டெப் பூட்டிக்கொள்கிறது. கிண்ணியாவில் ஒரு பிள்ளை ஒப்படைக்குத் தேவையான செயலியை இறக்க அனுமதி கேட்கிறாள். அனுமதி தர வேண்டிய வாப்பா கத்தாரில் இருக்கிறார். இங்கே காலை ஆறு மணி என்றால் அங்கே மூன்றரை. இப்படி இரண்டு மூன்று தரம் நடந்தால் "இந்தச் சனியனை எடுத்துத் தொலையுங்கோ" என்று வீட்டில் சத்தம் வரத்தான் செய்யும்.

எடுப்பதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் இருக்கின்றன. எதற்கும் ஒரு விலை உண்டு, அது முதல் நாளில் தெரியாது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலான வீடுகளில் எந்தக் கட்டுப்பாடு இடைஞ்சலோ அதை மட்டும் எடுத்தால் போதும். உயர்தர வயதுப் பிள்ளைக்கு, பேசி, முழுதாக எடுக்கலாம். போனை ரீசெட் அடித்து, அதாவது உள்ளே உள்ள எல்லாவற்றையும் துடைத்துப் புதுப் போன் போல ஆக்கி, கழற்றுவது எந்த வீட்டுக்கும் சரிவராது.

## முடிவெடுக்க முன் பார்க்க வேண்டியவை

முதலாவது, கணக்கில் இருக்கும் வயது. பிள்ளையின் உண்மையான வயதையும் கணக்கில் எழுதியிருக்கும் பிறந்த தேதியையும் தனித்தனியாகப் பாருங்கள். இலங்கையில் கூகுள் கணக்கைப் பிள்ளை தானாக வைத்திருக்கக்கூடிய வயது 13. அதற்குக் கீழே ஒரு விதி, மேலே வேறு விதி.

இரண்டாவது, சாவி யாரிடம்? ஃபமிலி லிங்கில் பெற்றோராகப் பதிந்திருப்பது எந்த ஜீமெயில், அதன் கடவுச்சொல் யாருக்குத் தெரியும், அந்த ஆள் ஊரிலா வெளிநாட்டிலா. நம் பக்கத்தில் முக்கால்வாசிச் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

மூன்றாவது, கழற்றும்போது எது அழியும்? படங்கள், குறிப்புகள், வகுப்புக் குழுக்கள், பிள்ளை சேமித்து வைத்த கடந்தகால வினாத்தாள்கள் எல்லாம் இதில் அடக்கம்.

நாலாவது, திரும்பப் போட முடியுமா என்பது. பலர் இதை யோசிப்பதே இல்லை.

இவற்றோடு ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிதாக விளங்கும். ஃபமிலி லிங்க் கட்டுப்பாடு பிள்ளையின் கணக்கில் இருக்கிறது. போன் அந்தக் கணக்கு சொல்வதைக் கேட்கிறது, அவ்வளவுதான். போனை மாற்றினாலும் துடைத்தாலும், அதே கணக்கு உள்ளே போனவுடன் கட்டுப்பாடும் கூடவே போகும்.

## வழி ஒன்று: வைத்துக்கொண்டே தளர்த்துவது

நான் முதலில் சொல்வது எப்போதும் இதைத்தான். ஃபமிலி லிங்க் ஒரே பூட்டு போலத் தோன்றினாலும் உள்ளே பல தனித்தனிப் பூட்டுகள் இருக்கின்றன. ஒன்றை எடுத்து மற்றதை விடலாம். பெற்றோர் தன் போனிலிருந்தோ கணினியிலிருந்தோ, எந்த நாட்டில் இருந்தாலும் இதைச் செய்யலாம்.

சூம் வகுப்பு இடையில் நிற்பதுதான் பிரச்சினை என்றால், சூமையும் வட்ஸ்அப்பையும் "எப்போதும் அனுமதி" பட்டியலில் சேர்த்துவிடுங்கள். அன்றாட நேர வரம்பு முடிந்த பிறகும் அவை திறக்கும், அவற்றில் செலவாகும் நேரம் வரம்பிலும் கழியாது. தொலைபேசிச் செயலியையும் கட்டாயம் அதில் சேருங்கள். வரம்பு முடிந்து பூட்டிய போனிலும் வரும் அழைப்பை எடுக்கலாம், அவசர எண்ணுக்குப் பேசலாம். ஆனால் பிள்ளை தானாக அம்மாவுக்கோ மாமாவுக்கோ எடுக்க வேண்டும் என்றால் செயலி திறந்திருக்க வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலோடு மூதூர், வெருகல் பக்கம் வெள்ளம் புகுந்த நாட்களை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை தெரியும்.

அனுமதி கேட்டுக் காத்திருப்பதுதான் தொல்லை என்றால், பிளே ஸ்டோர் அனுமதியை "எல்லாவற்றுக்கும்" என்பதிலிருந்து "பணம் கொடுத்து வாங்குவதற்கு மட்டும்" என்று இறக்கலாம். இலவசச் செயலிகளைப் பிள்ளை தானே இறக்கிக்கொள்ளும், உங்கள் அட்டையில் காசு போகாது. வயது வரம்பு மட்டும் தனியாக நின்று வேலை செய்யும்.

யூரியூப்பில் விஞ்ஞானப் பாடக் காணொளி தேடினால் வரவில்லை என்பது இன்னொரு முறைப்பாடு. மேற்பார்வைக் கணக்குக்கு, அதாவது ஃபமிலி லிங்கில் பெற்றோர் பார்த்துக்கொள்ளும் பிள்ளையின் கணக்குக்கு, யூரியூப்பில் மூன்று நிலைகள் உண்டு: முதலாவது 9 வயதுக்கு மேல், இரண்டாவது 13க்கு மேல், மூன்றாவது வயது வந்தோருக்கானது தவிர ஏறக்குறைய எல்லாம். கணக்கைத் தொடங்கியபோது தெரிவுசெய்த நிலை அப்படியே கிடந்தால் சாதாரண தரப் பிள்ளைக்கு அது போதாது. ஒரு படி ஏற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

எந்த ஒழுங்கில் தளர்த்துவது? என் பழக்கம் இது: முதலில் தனிச் செயலிகளின் வரம்பு, அடுத்து அன்றாட நேர வரம்பு, பிறகு செயலி அனுமதி. இரவு நேரப் பூட்டைக் கடைசிவரை விட்டுவையுங்கள். சில இணையப் பொதிகளில் நள்ளிரவுக்குப் பின் தனியாக இரவு டேட்டா கிடைக்கிறது. பகல் டேட்டா தீர்ந்த வீட்டில் பிள்ளைக்கு அது பெரிய ஆசை. பன்னிரண்டு மணிக்குப் படம் இறக்கத் தொடங்கி இரண்டு மணிக்குத் தூங்கும் பிள்ளை காலையில் பாடசாலையில் என்ன படிக்கும்?

இருப்பிடம் பார்ப்பது தனிக்கதை. நிலாவெளியிலிருந்தோ அன்புவழிபுரத்திலிருந்தோ ரவுனுக்கு வகுப்புக்கு வந்து இருட்டிய பின் பஸ் பிடிக்கும் பிள்ளைக்கு அது பாதுகாப்பு. ஆனால் பிள்ளைக்குத் தெரிந்து பாருங்கள், நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டும் இருக்காதீர்கள்.

இந்த வழியின் மறைந்த செலவு உங்கள் நேரம். அவ்வப்போது உட்கார்ந்து அமைப்புகளைப் பார்க்க வேண்டும், அனுமதிக் கோரிக்கை வந்தால் பதில் சொல்ல வேண்டும். அதைச் செய்ய ஆள் இல்லாத வீட்டில் இது வெறும் எரிச்சலாகவே மிஞ்சும்.

## வழி இரண்டு: மேற்பார்வையை முறையாக நிறுத்துவது

இங்கேதான் 13 வயதுக் கோடு வருகிறது. அதற்குக் கீழே உள்ள பிள்ளையின் கூகுள் கணக்கில் மேற்பார்வையை மட்டும் தனியாக எடுக்க முடியாது. எடுக்க வேண்டும் என்றால் கணக்கையே அழிக்க வேண்டும். அழித்தால் ஜீமெயில், கூகுள் போட்டோஸில் உள்ள படங்கள், டிரைவ் கோப்புகள், வாங்கிய செயலிகள் எல்லாம் போகும். 11, 12 வயதுப் பிள்ளைக்கு இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு என் பதில் ஒன்றே: முதல் வழியில் தளர்த்திக்கொண்டு பிறந்தநாள் வரை பொறுங்கள். அந்த நாள் நெருங்கும்போது கூகுள் மின்னஞ்சலில் அறிவிக்கும்.

13 நிறைந்த பிள்ளைக்கு நிலைமை வேறு. ஃபமிலி லிங்கில் பிள்ளையின் பெயரைத் தொட்டு, கணக்கு அமைப்புக்குள் போய், மேற்பார்வையை நிறுத்தலாம். கணக்கும் படங்களும் அப்படியே இருக்கும். நேர வரம்பு, செயலி அனுமதி, குரோமில் போட்ட வடிகட்டல், ஃபமிலி லிங்கில் தெரியும் இருப்பிடம் எல்லாம் ஒன்றாக நின்றுவிடும்.

இதில் இரண்டு செலவுகளைப் பலர் கவனிப்பதில்லை. ஒன்று, 13க்கு மேற்பட்ட பிள்ளைக்கு மேற்பார்வையைத் திரும்பப் போட வேண்டும் என்றால் பிள்ளையின் சம்மதம் வேண்டும். "கழற்றிப் பார்ப்போம், குழப்பம் வந்தால் திரும்பப் போடுவோம்" என்று நினைத்துச் செய்கிற காரியம் அல்ல இது. மற்றது, பிள்ளையின் கடவுச்சொல் மறந்தால் அதுவரை பெற்றோர் கணக்கு கைகொடுத்தது. இனி பிள்ளையின் கணக்கு தன் காலில் நிற்க வேண்டும். கடவுச்சொல் மறந்தால் கணக்கை மீட்க உதவும் மீட்பு எண் என்ற இடத்தில் வீட்டில் பாவனையில் இருக்கும் ஒரு சிம் எண்ணைப் போடாமல் மேற்பார்வையை நிறுத்தாதீர்கள். குடும்பத்தாரின் கணக்குகளை ஒன்றாக இணைக்கும் குடும்பக் குழுவில் தகப்பனின் வங்கி அட்டை இணைந்திருந்தால் அதையும் தனியாகப் பாருங்கள்.

ஐபோனிலும் ஐபேடிலும் இது கொஞ்சம் இலகு. 13 வயதுக்குக் குறைந்த பிள்ளையைக் குடும்பக் குழுவிலிருந்து வெறுமனே நீக்க முடியாது என்றாலும், ஸ்கிரீன் டைமைப் பெற்றோர் தன் ஐபோனிலிருந்து எந்த வயதிலும் நிறுத்தலாம், மீண்டும் போடலாம். நாலு இலக்க எண் மறந்துவிட்டால் பதற வேண்டாம். குடும்பக் குழுவில் இருக்கும் பிள்ளை என்றால் பெற்றோரின் சாதனத்திலிருந்தே புது எண் கொடுக்கலாம். பிள்ளையின் போனிலேயே தனியாகப் போட்ட பூட்டு என்றால், "மறந்துவிட்டது" என்பதைத் தொட்டு, பூட்டுப் போட்டபோது கொடுத்த ஆப்பிள் கணக்கின் விவரத்தைக் கொடுத்தால் வழி திறக்கும்.

## வழி மூன்று: போனை ரீசெட் செய்வது

யூரியூப்பில் பிள்ளைகள் முதலில் தேடுவது இதைத்தான். கடைக்குக் கொண்டுபோகும் பெற்றோருக்கும் சில இடங்களில் சொல்லப்படுவது இதுதான்.

அன்ட்ரொயிட் போனைப் பொத்தான்களை அழுத்தி ரீசெட் அடித்தால், திரும்ப எழும்பும்போது முன்பு அதில் இருந்த கூகுள் கணக்கைக் கேட்கும். திருட்டைத் தடுக்க 2015இல் அன்ட்ரொயிட் 5.1 உடன் வந்த பாதுகாப்பு அது. பிள்ளையின் கணக்கைக் கொடுத்து உள்ளே போனால், முன்பு சொன்னபடி, கட்டுப்பாடும் திரும்ப வந்து உட்காரும். கொடுக்க முடியாவிட்டால் போன் மேசையில் கிடக்கும் ஒரு கண்ணாடித் துண்டு. ஐபோனிலும் அப்படியே: துடைத்த பின் சொந்தக்காரரின் ஆப்பிள் கணக்கைக் கேட்கும். பழைய பிரதியிலிருந்து மீட்டால் ஸ்கிரீன் டைம் எண்ணும் கூடவே வந்துவிடும்.

நடுவில் போனது என்ன? சேமிக்காத படங்கள், வட்ஸ்அப் உரையாடல்கள், வகுப்புக் குறிப்புகள். "அன்லொக் செய்து தருகிறேன்" என்று காசு வாங்கிக்கொண்டு போனை இரண்டு நாள் வைத்திருக்கும் ஆளிடம், உங்கள் பிள்ளையின் படங்கள் உள்ள போனைக் கொடுக்கிறீர்கள் என்பதையும் யோசியுங்கள். பெண் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இதை இரண்டு தரம் சொல்வேன்.

ரீசெட் பொருந்தும் இடம் ஒன்று உண்டு: மேற்பார்வையை முறையாக நிறுத்தி, கணக்கையும் போனிலிருந்து எடுத்த பிறகு, போனைத் தம்பிக்கோ வேறொருவருக்கோ கொடுக்கும்போது. அதை அமைப்புகளுக்குள் போய்ச் செய்தால் ஒரு தொல்லையும் இல்லை.

பழைய போன் வாங்கியவர்களும் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். முன்பு வைத்திருந்த வீட்டுப் பிள்ளையின் கணக்கு அதில் இருந்தால், அதை எடுக்கக்கூடியவர் அந்தப் பெற்றோர் மட்டுமே. விற்றவரைத் தொடர்புகொண்டு எடுத்துத் தரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் போனைத் திருப்பிக் கொடுத்துக் காசைக் கேளுங்கள்.

## வழி நான்கு: வயதைக் கூட்டிப் போட்டுப் புதுக் கணக்கு

பழையதை விட்டுவிட்டு, 2000ஆம் ஆண்டில் பிறந்ததாகப் போட்டுப் புதுக் கணக்கு திறப்பது. பிள்ளை ஒளித்துச் செய்வதும் உண்டு, பெற்றோரே செய்து கொடுப்பதும் உண்டு. உடனே எல்லாம் திறக்கும். அதோடு, அந்தப் பிள்ளை வளர்ந்த ஆள் என்று நம்பி விளம்பரங்களும் காணொளிகளும் வந்து குவியும். கூகுளுக்குச் சந்தேகம் வந்து வயதை நிரூபிக்கக் கேட்டால் காட்ட அடையாள அட்டை இல்லை. அந்தக் கணக்கில்தான் வகுப்புக் குறிப்பெல்லாம் என்றால் பிறகு அழுது பயனில்லை. இதைவிட உண்மை வயதுக் கணக்கில் எல்லாவற்றையும் தளர்த்தி வைப்பது மேல்.

## வழி ஐந்து: கட்டுப்பாட்டைப் போனிலிருந்து வீட்டுக்கு மாற்றுவது

ஃபைபர் இணைப்பு உள்ள வீடுகளுக்கு இது நல்ல வழி. ரவுட்டரின் அமைப்பில் டி.என்.எஸ். (தளத்தின் பெயரைக் கொண்டு அதன் முகவரியைத் தேடித் தரும் சேவை) என்ற இடத்தில் 1.1.1.3, 1.0.0.3 என்ற இரண்டு எண்களைப் போட்டால் போதும். கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2020இல் தொடங்கிய இலவசக் குடும்பச் சேவை அது. ஆபாசத் தளங்களும் தீங்கு செய்யும் தளங்களும் அந்த வைஃபையில் திறக்காது. போனில் எதுவும் போடத் தேவையில்லை, வீட்டுக்கு வரும் மச்சானின் போனுக்கும் அதே விதிதான்.

குறை என்னவென்றால், பிள்ளை ரீலோட் போட்டு மொபைல் டேட்டாவுக்கு மாறினால் இது இல்லை. இணையப் போக்குவரத்தை வேறு வழியாகத் திருப்பிவிடும் வி.பி.என். செயலி போட்டாலும் இல்லை. சம்பூரிலும் குச்சவெளியிலும் போல மொபைல் டேட்டாவை நம்பி இருக்கும் வீடுகளுக்கு இதனால் பெரிய பலன் இல்லை. நேரத்தையும் இது கட்டுப்படுத்தாது. அதற்கு, இரவு பத்து மணிக்கு மேல் எல்லாருடைய போனும் குசினி மேசையில் சார்ஜில், அம்மா அப்பாவின் போனும் சேர்த்து, என்ற விதிதான் வேண்டும். பெற்றோரின் போன் அங்கே வராவிட்டால் பிள்ளையின் போனும் வராது.

## ஒரே பார்வையில்

| வழி | எது அழியும் | திரும்பப் போட முடியுமா | பொருந்தும் வீடு |
|---|---|---|---|
| தளர்த்துவது | எதுவும் இல்லை | எப்போதும் | 15 வயது வரை பெரும்பாலும் |
| மேற்பார்வையை நிறுத்துவது | 13க்குக் கீழே கணக்கே போகும். மேலே எதுவும் இல்லை | கூகுளில் பிள்ளை சம்மதித்தால் | 16 தாண்டிய பிள்ளை |
| ரீசெட் | சேமிக்காத எல்லாம் | கட்டுப்பாடு தானாகவே திரும்பும் | போனைக் கைமாற்றும்போது மட்டும் |
| பொய் வயதுக் கணக்கு | பழைய கணக்கின் தொடர்ச்சி | கடினம் | எதற்கும் வேண்டாம் |
| ரவுட்டர் வடிகட்டல் | எதுவும் இல்லை | எப்போதும் | ஃபைபர் உள்ள, பல பிள்ளைகள் உள்ள வீடு |

## வெளிநாட்டில் இருப்பவரின் கணக்கில் சாவி இருந்தால்

அப்பாவோ அம்மாவோ வளைகுடாவில் இருக்கும் வீடுகள் முதலில் சாவியைச் சரிசெய்ய வேண்டும். கூகுள் குடும்பக் குழுவில் இன்னொருவரைப் "பெற்றோர்" ஆக்கலாம். அவரும் அனுமதி தரலாம், நேரத்தை மாற்றலாம். ஆனால் குழுவில் சேர்பவர்கள் குழுத் தலைவர் இருக்கும் நாட்டிலேயே வசிக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. அதனால் புதிதாகத் தொடங்குகிறவர்கள், ஊரில் பிள்ளையோடு இருப்பவரைத் தலைவராக வைத்துத் தொடங்குங்கள். அம்மம்மாதான் பிள்ளையைப் பார்க்கிறார் என்றால், அவருக்கு ஒரு ஜீமெயில் திறந்து, அனுமதி கொடுக்கும் முறையை இருந்து பழக்கிவிடலாம். அம்மம்மாக்கள் வட்ஸ்அப்பில் வீடியோ அழைப்பு எடுக்கிறார்கள், இதுவும் வரும்.

கடவுச்சொல் மறந்த கதை இதைவிடக் கூட. வெளிநாடு போனவரின் மீட்பு எண் பழைய இலங்கை சிம்மாக இருக்கும், அது எப்போதோ செத்திருக்கும். இன்னும் உயிரோடு இருந்தால் முதலில் அதற்கு ரீலோட் போட்டுப் பிழைக்க வையுங்கள். பிறகு அவர் வழக்கமாகப் பாவிக்கும் போனிலிருந்து, வழக்கமாக இருக்கும் இடத்திலிருந்து கணக்கை மீட்க முயலட்டும். பழக்கமான சாதனமும் இடமும் என்றால் கூகுள் நம்புவது அதிகம். புதுப் போனில், வேறொருவரின் வீட்டிலிருந்து திரும்பத் திரும்பத் தட்டிப் பார்ப்பது பலன் தராது.

## எந்த வீட்டுக்கு எது

புலமைப்பரிசில் வயதுப் பிள்ளை என்றால் கழற்றுவது பற்றிய பேச்சே வேண்டாம். சூமையும் தொலைபேசியையும் திறந்துவிட்டு மீதியை அப்படியே விடுங்கள்.

13 முதல் 15 வரை, தவணைக்கு ஒரு பூட்டு என்று எடுக்கலாம். எதை எப்போது எடுப்பது என்று பிள்ளையையும் இருத்திப் பேசுங்கள். அடுத்து என்ன திறக்கும் என்று தெரிந்த பிள்ளை ஒளித்து இன்னொரு கணக்கு திறப்பது குறைவு, இதை நான் கண்டிருக்கிறேன்.

சாதாரண தரம் எழுதி முடித்த பிள்ளைக்கு, பெறுபேறு வரும்வரையான இடைவெளியில் மேற்பார்வையை நிறுத்திவிடலாம் என்பது என் எண்ணம். பரீட்சைக்கு முன் நிறுத்த வேண்டாம், பரிசாகவும் நிறுத்த வேண்டாம். உயர்தரம் முடித்து யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ விடுதியில் தங்கிப் படிக்கப் போகும் பிள்ளைக்கு அந்த வாரம்தான் முதல் தடவையாக எல்லாம் திறக்கிறது என்றால், கேட்க ஆள் இல்லாத இடத்தில் திறக்கிறது. நீங்கள் பக்கத்து அறையில் இருக்கும் காலத்திலேயே அது நடக்கட்டும்.

முன்பு ஏதும் நடந்திருந்தால், யாராவது தெரியாத ஆள் பிள்ளைக்குப் படம் அனுப்பியது, காசு கேட்டு மிரட்டியது போல, அப்போது நிலைமை வேறு. கட்டுப்பாட்டை எடுப்பதும் கூட்டுவதும் பிறகு பார்க்கலாம். செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு 1929க்கு அழையுங்கள், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் அது. பிள்ளை உங்களிடம் வந்து சொன்னதற்காகப் போனைப் பறிக்காதீர்கள். பறித்தால் அடுத்த தடவை சொல்லாது.

## நிறுத்தும் நாளில்

பிள்ளையும் நீங்களும் ஒன்றாக இருங்கள். படங்களும் வட்ஸ்அப்பும் சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மீட்பு எண்ணைப் போடுங்கள், பிள்ளையின் கணக்குக்கு இரண்டு கட்டச் சரிபார்ப்பையும் பிள்ளையின் கையாலேயே போடவையுங்கள். வங்கி அட்டையைப் பாருங்கள். இருப்பிடத்தைத் தொடர்ந்து பகிர்வதா என்று கேளுங்கள். வேண்டுமென்றால் கூகுள் மப்ஸில் பிள்ளை தானாகப் பகிரலாம், அம்மா அப்பாவும் திருப்பிப் பகிரலாம். இவை முடிந்த பிறகு ஃபமிலி லிங்கில் நிறுத்துங்கள், போனை ஒரு தரம் அணைத்துப் போடுங்கள், பிள்ளையின் பக்கத்திலும் மேற்பார்வை இல்லை என்று காட்டுகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.